கலங்கல் கரை விளக்கம்

"கலங்கரை விளக்கத்தின் வரலாறு" என்று வேதாசலம் சார் கட்டுரைத் தலைப்பைச் சொன்னதும் ஐந்தாம் வகுப்பு அம்சவேணிக்கு ஒரே குஷி. அவளுக்குத் தெரியாத விளக்கா?

ஊர் ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் இடத்துக்குக் கலங்கல் என்று பெயர். அதற்கு எதிரே நடு ஏரியில் ஒரு திட்டு. திட்டின் ஓரம் ஒரு கரும்பாறை. 1977 கார்த்திகையில் ஏரி நிரம்பியிருந்தது. அக்கரையில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் அம்மா கங்கம்மாள் அஹமது பாஷாவின் பரிசலில்தான் வீடு திரும்புவாள். அதற்குள் இருட்டிவிடும். பாறை தெரியக் கலங்கல் கரையில் விளக்கு வேண்டும்.

"கலங்கல் கரை விளக்கம்" என்று தலைப்பிட்டு எழுதியதை அம்சவேணி வகுப்பில் வாசித்தாள். முதல் விளக்கு காடா விளக்கு, காற்றில் அணைந்தது. இரண்டாவது அரிக்கேன்; மழை பட்டுக் கண்ணாடி தெறித்தது. மூன்றாவது டார்ச் லைட். யாரோ சினிமா பார்க்க எடுத்துப் போய்விட்டார்கள்.

வகுப்பே சிரித்தது. கலங்கரை விளக்கம் கடலில் கப்பலுக்கு வழிகாட்டுவது என்றார் சார். அம்சவேணிக்கு அழுகை முட்டியது.

"இப்ப விளக்கே இல்ல சார். நேத்து பரிசல் பாறையில இடிச்சி அம்மா டிபன் பாக்ஸ் முழுகிப் போச்சு. நாளைக்கு அம்மாவும் விழுந்துட்டா?"

யாரும் சிரிக்கவில்லை.

அன்று மாலை அவள் பயத்தோடு கரையில் காத்திருந்தாள். இருட்டில் அம்மாவின் முகம் தெரியவில்லை. புடவை ஓரத்தில் பட்டிருந்த வெள்ளைதான் முதலில் தெரிந்தது. மயிரை நீக்கத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்பு அது.

"அம்மா, ஷாப்புல கேட்டு ஒரு டின் சுண்ணாம்பு கொண்டு வர்றியா?"

ஞாயிற்றுக்கிழமை பாஷா அவளையும் அம்மாவையும் சுண்ணாம்பு டின்னோடு திட்டுக்கு அழைத்துப் போனார். தென்னை மட்டையின் நுனியை நசுக்கித் தூரிகையாக்கி மூவரும் பாறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள்.

"இன்னாமா, பாறைக்கு இப்பவே பொங்கலா?" என்றார் பாஷா.

திங்கட்கிழமை இருட்டும் நேரம். பாறை வெள்ளையாகத் தெரிந்தது. பரிசல் அதை விட்டு விலகி, சுற்றிக்கொண்டு வந்தது. அம்மா புது டிபன் பாக்ஸோடு இறங்கினாள். அம்சவேணி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

கட்டுரையில் அவள் இன்னொன்றும் சேர்த்தாள்: "நான்காவது விளக்குக்கு எண்ணெய் வேண்டாம். அதை யாரும் சினிமாவுக்கு எடுத்துப் போகவும் முடியாது."

சார் படித்துவிட்டுச் சிவப்பு மையில் எழுதினார்: "தலைப்பு தவறு. விளக்கம் சரி."