அறுபத்தொன்றாவது சுற்று

அறுபத்தொன்றாவது சுற்றில் மோதிரத்தின் சத்தம் கேட்கவில்லை.

அதுவரை ஒவ்வொரு முறையும் கேட்டது. அபினவ் நீந்தி வந்து, கரையில் நிற்கும் ஷ்வேதாவின் காலடியிலிருக்கும் சுவரைத் தொடும்போது உள்ளங்கை ‘டப்’ என்று விழும். கூடவே கல்யாண மோதிரம் டைல்ஸில் பட்டு ‘டிங்’ என்னும். எத்தனையாவது சுற்று என்று காட்டும் எண் பலகையை அவள் தண்ணீருக்குள் இறக்குவாள். அவன் அதைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திவிட்டுத் திரும்புவான்.

தலைநகரில், சாணக்யபுரி பக்கத்து கிளப்பின் வெந்நீர்க் குளம் அது. நவம்பர் மாதத்துப் புகையும் தண்ணீரிலிருந்து எழும் ஆவியும் கலந்து, பாதிக் குளத்துக்கு அப்பால் எதுவுமே தெரியவில்லை. “தஸ் மினிட், மேடம்ஜி” என்று பத்து நிமிடம் கேட்டுக்கொண்டு காவலாளி டீ குடிக்கப் போயிருந்தார்.

“நூறு சுற்று. நடுவுல என்னைத் தொட்டுடாதே ஷ்வே” என்று இறங்குமுன் சொல்லியிருந்தான் அபினவ். “கடல்ல யாராவது தொட்டா, அதுவரைக்கும் நீந்தினது செல்லாது. இப்பவே பழகிக்கோ.”

“மூழ்கினா?”

“மூழ்கினா தொடலாம். ஆனா நான் மூழ்கமாட்டேன், கணக்குப்பிள்ளை.”

“போடா. சாயங்காலம் நீயே ரசம் வெச்சுக்கோ.”

சிரித்துக்கொண்டேதான் குதித்தான். ஆனால் போன வாரம், கால் மரத்து அவன் ஒரு நொடி நின்றதும் பயந்து கையைப் பிடித்துவிட்டாள். இரண்டு நாள் அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த மாதம் கடலில் நீந்தப் போகிறவனின் கனவை இன்னொரு முறை கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மோதிரம் கழன்று விழுந்திருக்கும். ஈர விரல்தானே.

அறுபத்திரண்டு. டப். பலகையை இறக்கினாள். கை சுவரிலேயே கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் உயரவில்லை. ஆவிக்குள் நழுவிப் போய்விட்டது. குளோரின் வாடை அடங்கி, பித்தளைப் பாத்திரத்தை ஈரக் கையால் தேய்த்தால் வருமே, அந்த வாடை எழுந்தது.

அறுபத்து மூன்று. பலகையை யாரோ கீழிருந்து இழுத்தார்கள். பிடுங்கி எடுத்தாள். எண்ணின் மேல் சிவப்பாக ஏதோ வழிந்தது. நீச்சல் பாதைகளைப் பிரிக்கும் கயிற்றின் சாயம் என்று நினைத்துக்கொண்டாள்.

தொடலாமா? இன்னும் ஒரே ஒரு சுற்று பார்க்கலாம்.

“ஷ்வே! ஷ்வே…!”

அபினவின் அலறல். மறுமுனையிலிருந்து.

அதே நொடியில், அவள் காலடியில்,

டப்.

அவள் மண்டியிட்டு அந்தக் கையைப் பிடித்தாள். அவன் கைதான். மணிக்கட்டில் அதே மச்சம். இன்னும் சூடாக இருந்தது. செல்லாமல் போகட்டும், எல்லாம் போகட்டும் என்று பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். எடையே இல்லாமல் மேலே வந்தது. மல்லாந்து விழுந்தாள்.

முழங்கையோடு முடிந்திருந்தது. எலும்பு வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது. மோதிர விரல் அடியோடு கடித்தெடுக்கப்பட்டிருந்தது. மற்ற விரல்கள் அவள் விரல்களை இறுகப் பற்றின.

மறுமுனையில் ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது போல எதையோ சுவரில் அடிக்கும் சத்தம். மறுபடி. மறுபடி. ஒரு முறை எலும்பு நொறுங்கியது. அலறல் பாதியில் அறுந்தது. வெதுவெதுப்பான அலை ஒன்று குளம் முழுக்க உருண்டு வந்து, விளிம்பைத் தாண்டி, அவள் பாதங்களைச் சிவப்பாக நனைத்தது.

அமைதி.

பிறகு நீச்சல். சீராக. மூச்சு வாங்கும் ஓசையே இல்லாமல். அவளை நோக்கி.

எழ வேண்டும். ஓட வேண்டும். இறுகப் பற்றிய அந்த விரல்களிலிருந்து தன் விரல்களை உருவப் பார்த்தாள்.

டப்.

டிங்.

சாம்பல் நிறக் கை. ஒவ்வொரு விரலிலும் ஒரு கணு அதிகம். அவற்றில் ஒன்றின் மேல், சதைத் துணுக்கோடு, அவள் போட்டுவிட்ட மோதிரம். எண் பலகை வரும் என்று அது விளிம்பில் காத்திருந்தது.

பிறகு, மெல்ல, கட்டைவிரலை உயர்த்தியது.