மேலிருந்து பார்த்தால் வட்டம்

முப்பது வருஷத்துக்கு முன் அமோனியா ஆவியில் எடுத்த வரைபட நகலில் வாடை மிச்சம் இருக்காது. ஆனால் முன்னறைச் சுவரில் ஒட்டியிருந்த அந்த ரயில் பெட்டிப் படம், அன்று மதியத்திலிருந்து, இப்போதுதான் மெஷினை விட்டு வந்ததுபோல மூக்கை எரித்துக்கொண்டிருந்தது. வேடியப்பன் எழுந்து போய் முகர்ந்து பார்த்தான். கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். ஜன்னலைத் திறந்து வைத்தான். வேங்கிக்கால் புதுமனைகளின் சிமெண்ட் தூசி உள்ளே வந்தது. வாடை வெளியே போகவில்லை.

வேலையே எரிச்சல் பிடித்த வேலை. கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டும் சிமுலேட்டருக்கு, தட்டையான படத்தைப் பார்த்து முழுப் பெட்டியை எழுப்பித் தர வேண்டும். அகலப்பாதை போடுகிறோம் என்று திருவண்ணாமலையில் நிஜ ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தையே பெயர்த்துவிட்டார்கள். அந்தப் பழைய மீட்டர்கேஜ் பெட்டியைத் திரையில் ஓட்டிப் பார்க்க லண்டனில் யாருக்கோ ஆசை. வேலூரில் இருக்கும் கூட்டாளி சாகில்தான் ஆர்டரைப் பிடித்தவன். பழைய பேப்பர் கடையில் தேடி இந்தப் படத்தை அனுப்பியவனும் அவன்தான். மேலிருந்து ஒரு தோற்றம், பக்கத்திலிருந்து ஒன்று, முன்னாலிருந்து ஒன்று. மூன்றும் ஒத்துப்போனால் பெட்டி எழும்பும். ஒத்துப்போனால்தானே! அனுப்பிய பெட்டி, சுவரில் அடித்த பந்து மாதிரி திரும்பித் திரும்பி வந்தது. இந்தத் தடவையும் தேறாவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும். அப்புறம் திங்கட்கிழமை அம்பத்தூர் கம்பெனியில் போய்ச் சேர வேண்டியதுதான், உண்ணாமலையையும் நாலு வயசுக் கவிநிலாவையும் இங்கே தனியாக விட்டுவிட்டு.

வேடியப்பன் எதையும் பாதிதான் வரைவான். மீதிப் பாதிக்கு ‘மிரர்’ என்று ஒரு கட்டளை. கண்ணாடியில் தெரிகிற மாதிரி மறுபாதி தானாக வந்து விழும். சோம்பேறித்தனம் என்று சாகில் கிண்டல் செய்வான். சோம்பேறித்தனம்தான், இல்லையென்று யார் சொன்னது? இப்போது குடியிருக்கும் வீட்டுக்குக்கூட அவன் அப்படித்தான் பிளான் போட்டான். ஒரே மனையில் ஒட்டினாற்போல இரண்டு போர்ஷன். பக்கத்துப் போர்ஷனை மட்டும் வரைந்து, இதை அப்படியே இடம் வலம் மாற்றிக் கட்டச் சொல்லிவிட்டான். அந்த வீட்டு பிளானும் ரயில் படத்துக்குப் பக்கத்திலேயே தொங்கியது.

பெட்டிப் படத்தில், மேலிருந்து பார்க்கும் தோற்றத்தில், ஜன்னலோர இருக்கையின்மேல் சின்னதாக ஒரு வட்டம் இருந்தது. பக்கத் தோற்றத்தில் அந்த இடம் காலி. முன் தோற்றத்திலும் காலி. என்ன எழவோ, தண்ணீர்க் குழாயாக இருக்கும் என்று ஒரு உருளையை எழுப்பி, மிரர் அடித்து, பெட்டியை அனுப்பிவிட்டான். சாயங்காலம் சாகில் போன் செய்தான்.

“டேய், காலிப் பெட்டிதானே கேட்டாங்க? எதுக்குடா ஆளு உக்கார வச்ச?”

“ஆளா? அது குழாய்டா.”

“குழாய்க்கு மூக்கு இருக்குமா? ரெண்டு பக்க ஜன்னல்லயும் ரெண்டு பேரு. ரெண்டும் ஒரே மூஞ்சி. உன் மூஞ்சிதான். கிண்டல் ஜாஸ்தியாயிடுச்சு உனக்கு.”

“நான் எந்த மூஞ்சியும் போடல. உன் கம்ப்யூட்டர்ல இன்னா கோளாறோ, என்கிட்ட வந்து கத்துற!”

போனைக் கோபத்தில் மேசைமேல் போட்டான். பெட்டியைத் திரையில் திறந்து இப்படியும் அப்படியும் சுழற்றிப் பார்த்தான். குழாய். வெறும் குழாய். அழித்துத் தொலைக்கலாம் என்று அளவு சரிபார்க்கச் சுவருக்குப் போனான்.

வட்டம் இருக்கையில் இல்லை.

நடைபாதையில் இருந்தது, கதவுக்குப் பக்கத்தில்.

தூக்கமில்லாத கண், தப்பாகப் பார்த்திருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டான். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். உள்ளே, கூடத்துக்கு இடது பக்க அறையில், உண்ணாமலை கவிநிலாவைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். வளையல் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் அவனுக்குத் தோன்றியது: மேலிருந்து பார்த்தால் குழாயும் வட்டம், தொட்டியும் வட்டம். மனுஷன் தலையும் வட்டம்தான்.

அப்போது பார்த்து கரண்ட் போனது. தினம் போகிற கரண்ட்தான். யுபிஎஸ் கீ, கீ என்று கொஞ்ச நேரம் கத்தி ஓய்ந்தது, திரை அணைந்தது, பக்கத்துப் போர்ஷன் டிவியும் நின்று, வெளியே கலவை மெஷினும் நின்று, ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல ஆன அந்த அரையிருட்டில், அமோனியா வாடை மட்டும் தொண்டை வரைக்கும் இறங்கியது. செல்போன் டார்ச்சைச் சுவரில் அடித்தான்.

பெட்டியில் வட்டம் இல்லை. இருக்கையில் இல்லை. நடைபாதையில் இல்லை. கதவுக்குப் பக்கத்திலும் இல்லை.

அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. சிரிப்புக்கூட வந்தது. டார்ச்சைத் திருப்பினான். வெளிச்சம் பக்கத்துப் படத்தில் விழுந்தது.

வீட்டு பிளான். அவன் கையால் போட்டது. முன்னறை, கூடம், இடது அறை, வலது அறை.

இடது அறையில் ஒரு வட்டம்.

“உண்ணாமலை!”

“ஏங்க, பாப்பா இப்பத்தான் கண்ண மூடுனா. இன்னாத்துக்குக் கத்துறீங்க?”

“அந்த ரூம்ல இருக்காத. பாப்பாவத் தூக்கிக்கினு வலது பக்க ரூமுக்குப் போ. உள்ள தாப்பாப் போட்டுக்கோ.”

“இன்னாங்க ஆச்சு?”

“போன்னா போ! நான் சொன்னாத்தான் தொறக்கணும்.”

அவள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தாள். கொலுசுச் சத்தம் கூடத்தைக் கடந்தது. கதவு சாத்தும் சத்தம். தாழ்ப்பாள்.

வேடியப்பன் மூச்சு விட்டான். மேசைமேல் இருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, கூடத்துக்குப் போய், இடது அறைக்குள் டார்ச் அடித்தான். பாய். போர்வை. கவிநிலாவின் பிளாஸ்டிக் யானை. வேறு யாரும் இல்லை. வாடையும் இல்லை. முன்னறை முழுக்க அடித்த வாடை இங்கே சுத்தமாக இல்லை.

ஏன் இல்லை?

அப்போதுதான் உறைத்தது.

அது இந்த வீட்டு பிளான் இல்லை. பக்கத்துப் போர்ஷன். இந்த வீடுதான் மிரர்.

அங்கே இடது என்றால் இங்கே வலது.

ஓடினான். வலது அறைக் கதவின் அடியிலிருந்து வாடை கசிந்தது. கண் எரிந்தது. இரண்டு கையாலும் கதவை அடித்தான்.

“உண்ணாமலை! தொற! பாப்பாவத் தூக்கிக்கினு வெளிய வா! தப்பாச் சொல்லிட்டேன், தொறடி!”

உள்ளே வளையல் சத்தம் நின்றது.

“ஏங்க.” அவள் குரல் தாழ்ந்து வந்தது. கதவைப் பார்த்துப் பேசவில்லை அவள். அறைக்குள் யாரிடமோ பேசினாள். “வெளிய யாரோ கதவத் தட்டுறாங்க. உங்க குரல்லயே கூப்புடுறாங்க. எனக்கு பயமா இருக்குதுங்க.”

“நான்தான்டி வெளிய இருக்கேன்! உள்ள இருக்குறது நான் இல்ல!”

“தொறக்காத,” என்றது உள்ளேயிருந்து அவன் குரல். பொறுமையாக. கொஞ்சம்கூட எரிச்சல் இல்லாமல். “நான் சொன்னாத்தான் தொறக்கணும்.”

“சரிங்க,” என்றாள் உண்ணாமலை.

தோளால் இடித்தான். அவனே அளவு எழுதிக் கொடுத்து வாங்கிய தேக்குக் கதவு. அசையவில்லை. வளையல் சத்தம் மறுபடியும் கேட்டது, ஒரே சீராக. குழந்தையைத் தட்டிக்கொடுக்கிறாள். தூக்கக் கலக்கத்தில் கவிநிலா “அப்பா” என்றாள். “ம்,” என்றது அந்தக் குரல்.

அறையின் பின்பக்க ஜன்னலை உடைக்கக் கடப்பாறை தேடி முன்னறைக்கு ஓடி வந்தான். திரும்பியபோது டார்ச் வெளிச்சம் சுவரில் பட்டது.

பிளானின் இடது அறையில் இப்போது மூன்று வட்டங்கள். பெரிதாக ஒன்று. அதை ஒட்டி, கொஞ்சம் சிறிதாக ஒன்று. இரண்டுக்கும் நடுவில், பொட்டு மாதிரி ஒன்று.

வேடியப்பன் நின்றுகொண்டிருந்த முன்னறையில் எந்த வட்டமும் இல்லை.