கொடிவழி மருந்து

பிறப்பதற்கு முன்பே இசக்கிராணியின் மகனுக்குச் சிகிச்சை முடிந்திருந்தது.

திருநெல்வேலியின் அந்த ஆய்வு மருத்துவமனையில், எச்.ஐ.வி. உள்ள தாய்மார்களின் கருவுக்கெல்லாம் அதுதான் வழக்கமாகியிருந்தது. தொப்புள்கொடிக்குள் மயிரிழை ஊசி ஒன்று நுழையும். அது செலுத்தும், மரபணுவை வெட்டித் தைக்கும் மரபுத்தையல் மருந்து கருவின் எலும்பு மஜ்ஜையைத் திருத்திவிடும். அதன்பின் அங்கே உருவாகும், நோயை எதிர்க்கும் காப்பணுக்களில் வைரஸ் நுழைய வாசல் இருக்காது. வைரஸ் ஒளிந்திருக்கும் அணுக்களையும் அவை தேடி அழித்துவிடும். வளர்ந்தவர்களுக்கு இந்த மருந்து பலிக்கவில்லை. அவர்கள் உடல் அதை அந்நியம் என்று கண்டுகொண்டு விரட்டிவிடும். கருவுக்கு இன்னும் அந்தப் பேதம் தெரியாது.

இதை உருவாக்கிய டாக்டர் ஜெபக்கனியும் அந்த வைரஸுடன் பிறந்தவள்தான். நினைவு தெரிந்த நாளிலிருந்து மாத்திரை விழுங்குபவள். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டாள்.

நாலு மாதக் குழந்தையைப் பரிசோதனைக்குக் கொண்டுவந்த இசக்கிராணி, எல்லாம் முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

“டாக்டரம்மா, ஒண்ணு சொல்லுதேன், ஏசாதிய. இவன் பொறந்ததுலேருந்து நான் மாத்திரையே போடல.”

ஜெபக்கனிக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ஏன் ராணி?”

“வாந்தி தாங்கல. ஒருநாள் விட்டேன், அப்படியே விட்டுப்போச்சு. ஆனா உடம்பு நல்லாத்தான் இருக்கு.”

மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் வைரஸ் பெருகிவிடும். ஜெபக்கனி தன் கையாலேயே ரத்தம் எடுத்து அனுப்பினாள். சற்று நேரத்தில் ஆய்வகத்திலிருந்து காசிம் வந்தார்.

“சாம்பிள் மாறிடுச்சு போல மேடம். வைரஸே இல்ல. ஆம்பளப் பிள்ளையோட அணுவெல்லாம் தெரியுது.”

“நான்தான் எடுத்தேன் காசிம். அந்தப் பொண்ணோட ரத்தந்தான்.”

இருவரும் ஆய்வகத்துக்கு ஓடினார்கள். திரையில் தாயின் ரத்தம் மிதந்தது. அதன் நடுவே, விண்மீன்களைப் போல, மகனின் காப்பணுக்கள். கருவின் அணுக்கள் சில தாயின் உடலுக்குள் போய் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் என்பது அறிவியலுக்குப் பழைய செய்தி. பிள்ளையைச் சுமக்கும் உடல் பிள்ளையின் அணுக்களை விரட்டுவதில்லை. மருந்து தரும்போது அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. கண் திறவாத ஓர் உயிர், தன்னைச் சுமந்தவளின் எலும்புக்குள் குடியேறிக் காவல் நின்றிருக்கிறது.

“உனக்கு நாங்க மருந்து குடுக்கல ராணி,” என்றாள் திரும்பி வந்து. “உன் மகன் குடுத்திருக்கான்.”

இசக்கிராணி நம்பாமல் அவளைப் பார்த்தாள். பிறகு முஷ்டியைச் சப்பிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கி முகத்தோடு ஒட்டிக்கொண்டாள். “எலேய், உள்ள இருந்துக்கிட்டு இந்த வேலையா பாத்த?”

மற்றத் தாய்மார்களையும் வரவழைத்துச் சோதித்தார்கள். ஏறக்குறைய எல்லோரிடமும் காப்பணுக்கள் இருந்தன. செய்தி வெளியானதும் உலகமே கொண்டாடியது. மருத்துவமனை வாசலில் கூட்டம் நெரிந்தது.

அந்தக் கூட்டத்திலிருந்து ஒருநாள் மதிவதனா என்ற கல்லூரிப் பெண் தனியாக உள்ளே வந்தாள்.

“எத்தனாவது மாசம்மா?” என்றாள் ஜெபக்கனி.

“கர்ப்பமா இல்ல டாக்டர். கல்யாணமும் ஆகல. பொறந்ததுலேருந்து எனக்கு இது இருக்கு.” துப்பட்டாவின் முனையை விரலில் சுற்றினாள். “எனக்குப் பிள்ளை வேண்டாம். கர்ப்பம் மட்டும் ஆனா போதுமா? குணமாயிடுமா?”

அன்று காலை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு இதே கேள்வியைத்தான் ஜெபக்கனியும் தன்னிடம் கேட்டிருந்தாள்.