மயில்கழுத்துக் கொடியின் விதை

மரம் சாய்ந்துவிட்டது, இன்னும் விழவில்லை, வருவதானால் உடனே வரவேண்டும் என்று வனக் காவலர் மாசாணம் போனில் சொன்னதும் மரகதம் கிளம்பிவிட்டாள். அடுப்பில் பால் வைத்திருந்தது ஆனைமலை தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பொள்ளாச்சிப் பக்கம் எல்லோரும் தென்னை வைக்கிற மண்ணில் அவள் பந்தல் போட்டு, ஊர் பேர் தெரியாத கொடிகளை ஏற்றி வைத்திருந்தாள். இளநீராவது விற்கலாமே என்று சொந்தக்காரர்கள் சொல்லி அலுத்துப் போனார்கள். அந்தப் பந்தலில் அவளுக்கு உயிர் மயில்கழுத்துக் கொடி. மயில் கழுத்தின் நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும், காய்க்காது. பப்பாளியைப் போல அதிலும் ஆண் வேறு, பெண் வேறு. அவளிடம் இருந்தது ஆண். தெரிந்த ஒரே பெண் கொடி காட்டாற்றங்கரையில் ஒரு மரத்தைச் சுற்றி வளர்ந்திருந்தது. அதன் குச்சியை எத்தனை முறை நட்டும் வேர் பிடிக்கவில்லை. மரத்தடியில் அவள் எவ்வளவு தேடியும் ஒரு நாற்றும் கண்ணில் பட்டதில்லை. மரம் விழுந்தால் கொடியின் வம்சமே அதோடு சரி.

சித்தி மகன் ஜெயசீலன் கயிற்றுச் சுருளோடு கூடவே வந்தான். பாறை ஏறுவது அவனுக்குப் பொழுதுபோக்கு. மாசாணம் சோதனைச் சாவடியிலேயே காத்திருந்தார். அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டு மூவரும் காட்டுக்குள் இறங்கினார்கள். மழைக்காலத்து அட்டைகளுக்கு அன்று நல்ல விருந்து. வழியில் யானைச் சாணம் சூடு ஆறாமல் கிடந்தது. மாசாணம் கையைக் காட்ட, மூங்கில் முறியும் சத்தம் தூரம் போகும்வரை மூச்சுவிடாமல் நின்றார்கள்.

மரம் ஆற்றின்மேல் குப்புறச் சாய்ந்து கிடந்தது. பாதி வேர் வெளியே வந்திருந்தது. கொடியின் முற்றிய காய்கள் உச்சியில் தொங்கின.

"அம்மிணி, இது தாங்காதுங்க. விட்ருலாம்," என்றார் மாசாணம்.

 மரகதத்துக்குத் தம்பியை ஏறச் சொல்லவும் மனம் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதற்குள் அவன் பின்னாலிருந்த பாறையில் கயிற்றைக் கட்டி இடுப்பில் மாட்டிக்கொண்டு ஏறிவிட்டான். சில காய்களைப் பறித்துப் பைக்குள் போட்டான். அடியில் வேர் படபடவென அறுந்தது. மாசாணம் கயிற்றை இழுக்க, அவன் கரைமேல் வந்து விழுந்தான். மரம் கொடியோடு ஆற்றில் சரிந்தது. வெள்ளம் இரண்டையும் உருட்டிக்கொண்டு போய்விட்டது.

தம்பிக்கு முழங்கை சிராய்ப்போடு போயிற்று. மரகதம் காய்களை உடைத்து, விதைகளைத் தூக்குச்சட்டித் தண்ணீரில் போட்டாள். விதை எடுப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான்: அமிழ்வது நல்லது, மிதப்பது பதர். அத்தனையும் மிதந்தன. சட்டியைச் சாய்த்துப் பதரை ஆற்றில் ஊற்றினாள். யோசித்துச் செய்யவில்லை, கைப்பழக்கம். சட்டியின் அடியில் ஒன்றும் இல்லை. அவள் கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உடைக்காமல் பைக்குள் தங்கிப்போன ஒரு காயை ஜெயசீலன் பிளந்தான். உள்ளே இருந்த விதையைக் கல்லால் தட்டிப் பார்த்தான்.

"அக்கா, இதுல பருப்பு முழுசா இருக்குது. ஓட்டுக்குள்ளதான் கொஞ்சம் காலியா இருக்குது."

மரகதம் எழுந்தாள். ஆற்றங்கரைக் கொடி. அதன் விதை மிதக்காமல் வேறென்ன செய்யும்?

"ஓடுடா!" என்றாள்.

மூவரும் கரையோரமாக ஓடினார்கள். பாறை வழுக்கியது, முள் கிழித்தது. ஆறு வளைகிற இடத்தில் நுரையும் சருகும் ஒதுங்கிக் கிடந்தன. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சருகை அலசினார்கள். விதைகள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. எல்லாம் கிடைக்கவில்லை, ஒரு கைப்பிடி தேறியது.

கரையேற மரகதம் ஒரு செடியைப் பிடித்தாள். பிடித்த இலையைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். தினமும் பந்தலில் பார்க்கிற இலை. அந்த மணல் திட்டு முழுக்க அதே இலைகள். முழங்கால் உயரத்தில் சில, பக்கத்து மரத்தில் தொற்றி ஏறியவை சில. ஆறு வருஷாவருஷம் கொண்டுவந்து போட்ட விதைகள் தாமாக முளைத்திருந்தன. அவளோ இத்தனை காலமும் தாய் மரத்தடியிலேயே தேடிக்கொண்டிருந்தாள். மரகதத்துக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

"இதையே எடுத்துட்டுப் போயிரலாமாக்கா?" என்று ஜெயசீலன் கேட்டான்.

"ஒண்ணையும் தொடாத. இது நம்மளை நம்பியா மொளச்சுது?"

கைப்பிடி விதையோடு ஊர் திரும்பினார்கள். வழிநெடுக அந்த நாற்றுகளைப் பற்றியே பேச்சு. பொள்ளாச்சி வெயிலிலும் சில விதைகள் முளைத்து இலை விட்டன. பார்க்க வருகிறவர்கள் எது பெண் கொடி என்று கேட்கிறார்கள். பூத்தால்தான் தெரியும், அதற்கு இன்னும் வருஷங்கள் ஆகும். அதுவரை மிதக்கிறதா, அமிழ்கிறதா என்று எதையும் பிரிக்காமல், எல்லாத் தொட்டிக்கும் மரகதம் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுகிறாள்.