லீவரில் இருந்த கொக்கி

லீவர் முன்னால் தள்ளியிருந்தது. டிராக்டரின் பின்னால் மாட்டியிருக்கும் டில்லரை, மண்ணைக் கிளறுகிற அந்த இரும்புப் பற்களை, என்ஜினோடு இணைக்கிற லீவர். முன்னால் தள்ளினால் பற்கள் சுற்றும், பின்னால் இழுத்தால் நிற்கும். சும்மா நிறுத்தி வைத்த வண்டியில் அது பின்னால்தான் இருக்க வேண்டும். ஷெட்டுக்குள் நுழைந்தவுடன் கிட்டுசாமி முதல் வேலையாக அதைப் பின்னால் இழுத்து வைத்திருந்தார். இழுத்தபோது உள்ளங்கையில் ஒட்டிய தூசியைப் பேன்ட்டில் துடைத்தது கூட நினைவிருக்கிறது. இப்போது சாக்பீஸோடு திரும்பிப் பார்த்தால் முன்னால் இருக்கிறது.

பழைய ஸ்பிரிங், தானாக நழுவியிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை உறைத்தது. தானாக. மறுபடி பின்னால் இழுத்துவிட்டு, பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

வேலுமணி போன ஏப்ரலில் இறந்தான். இருவரும் பிஸ்கட்டவே என்ற ஊரில் ஒரே மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள், ஒரே பைத்தியம் பிடித்தவர்கள். வேலுமணி மேற்கே தள்ளி, சோளக்காடுகள் தொடங்குகிற இடத்தில், நிலத்தோடு ஒரு வீடு வாங்கியதே இந்தப் பழைய தோட்ட டிராக்டர்களை நிறுத்தத்தான். இப்போது வீட்டை விற்றுவிட்டு அவன் மனைவி சாந்தாமணி மகன் சபரியிடம் டெக்சஸ் போகிறாள். ஷெட்டில் கிடக்கிற இரும்பு எதற்கும் பெயர் தெரியவில்லை, பெயர் தெரியாவிட்டால் வாங்க ஆள் வராது, கிட்டு அங்கிளையே கூப்பிடு என்று சபரி சொன்னானாம். அவள் ஃபோனில் அதைச் சொன்னபோது மாட்டேன் என்று சொல்ல கிட்டுசாமிக்கு ஒரு காரணம்தான் இருந்தது. அதைச் சொல்ல முடியாது.

பெயர் சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. டிராக்டர் குழுவில் யாராவது துருப்பிடித்த ஒரு துண்டைப் படம் பிடித்துப் போட்டால் போதும், எந்த வருஷம், எதன் முன்னால் மாட்டுவது, எந்த போல்ட்டைப் பின்னால் வந்தவன் மாற்றினான் என்று எழுதிவிடுவார். இன்றும் அப்படித்தான் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து சாக்பீஸில் எழுதிக்கொண்டு வந்தார். பனி தள்ளும் பிளேடு. புல் வெட்டும் டெக். கலப்பை, வீல் மட்டும் வேறு மாடலுடையது. நவம்பர் வெளிச்சம் பலகை இடுக்குகளில் பழுத்து, சிவந்து, மங்கிக்கொண்டே வந்தது. பழைய கிரீஸ், எலிப் புழுக்கை, காய்ந்த புல் எல்லாம் சேர்ந்த ஷெட் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. அப்போதுதான் கிளறிப் போட்ட ஈர மண்ணின் வாசனை. மழை பெய்து மூன்று வாரமாவது இருக்கும். ஷெட்டின் தரை சிமென்ட்.

டில்லரில் மட்டும் அவர் இன்னும் எழுதவில்லை. அதைக் கடைசிக்கு வைத்திருந்தார்.

அந்த லீவருக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி இருந்தது. எந்தக் காலத்திலோ எவனோ ஒரு விவசாயி தன் கையால் வெல்டிங் வைத்தது, கோணல்மாணலாக, பார்க்கவே சகிக்காது. லீவரைப் பின்னால் இழுத்தால் அதில் போய் மாட்டிக்கொள்ளும், என்ஜின் எவ்வளவு உதறினாலும் நகராது. போன வருஷம் பென்சில்வேனியாவில் நடந்த கண்காட்சிக்கு வண்டியைத் தயார் செய்யும்போது கிட்டுசாமி அதன்மேல் விரலை வைத்து, இது ஒரிஜினல் கிடையாது என்றார்.

"இருந்துட்டுப் போகட்டும் மாப்ளே, கெட்டியாப் புடிச்சுக்குது," என்றான் வேலுமணி.

"ஜட்ஜோட கண்ணு மொதல்ல இங்கதான்டா விழும். பத்து வருஷம் தேடிப் புடிச்ச வண்டி, ஒரு ஓட்டைக் கொக்கியால கெடணுமா?"

வேலுமணிக்கு மனசே இல்லை. கிரைண்டரை எடுத்தது கிட்டுசாமி. பொறி பறக்க அறுத்து, தேய்த்து, அந்த இடம் தெரியாமல் அதே சிவப்பில் பெயின்ட் அடித்ததும் அவர்தான். முதல் பரிசு, நீல ரிப்பன், கிடைத்தது. ஏப்ரலில் தக்காளிப் பாத்திக்கு மண் கிளறிக்கொண்டிருந்த வேலுமணி, பற்களில் சுற்றிய வேரை எடுக்க என்ஜினை அணைக்காமல் இறங்கிக் குனிந்திருக்கிறான். லீவர் முன்னால் போய்விட்டது. எப்படிப் போனது என்று போலீஸ் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை.

சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. கனமான ஒருவர் இறங்கும்போது வருகிற, நீண்டு தேய்கிற சத்தம்.

கிட்டுசாமி திரும்பவில்லை. பிளேடில் எழுதிய எழுத்தின் மேலேயே மறுபடி எழுதினார். சாக்பீஸ் உடைந்தது.

கதவு திறந்து சாந்தாமணி தட்டோடு வந்தாள். வேலுமணியின் கோட்டைப் போட்டிருந்தாள், கை நீளம் விரல்களை மூடியது. நாளைக்கு வாங்க வருகிறவர் வண்டி ஓடுவதை வீடியோவில் பார்க்க வேண்டும் என்கிறாராம், கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணிக் காட்ட முடியுமா என்று கேட்டாள். டீயைக் கையில் கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்ளா? சபரிகிட்டகூடக் கேக்கல."

"கேளு அம்மணி."

"அந்த லீவர் லேசாப் பட்டா நகருமுங்ளா?"

டீ சூடாக இருந்தது. அவர் விழுங்கினார்.

"அன்னிக்கு அவருக்குக் காபி கொண்டுபோனேன். வேரு சுத்திக்கிச்சுன்னு இறங்கினாரு. நான் தம்ளரை அந்த லீவர்கிட்டத்தான் வெச்சேனுங்ணா. வெச்சுட்டுத் திரும்பி நாலு எட்டு வெக்கல. என் கை பட்டுருச்சோ, கோட்டுக் கை பட்டுருச்சோ. தூக்கமே இல்லீங்ணா எனக்கு."

இத்தனை மாதம் இவள் இதைச் சுமந்துகொண்டிருக்கிறாள் என்பது அவருக்கு இப்போதுதான் தெரிகிறது. கொக்கி போனபின் ஒரு தம்ளரின் விளிம்பு பட்டால் போதும் என்பது அவருக்குத் தெரியும். அதை அறுத்தது நான் என்று ஒரு வரி சொன்னால் இவள் இன்று தூங்குவாள். அந்த வரி தொண்டை வரைக்கும் வந்தது. சபரியின் முகம் வந்தது, குழு வந்தது, பிஸ்கட்டவேயில் தெரிந்த வீடுகளெல்லாம் வரிசையாக வந்தன.

"நகராது அம்மணி," என்றார். "பட்டாலும் நகராது, தானாவும் நகராது. அவன்தான் முழுசாப் பின்னால இழுக்காம இறங்கியிருப்பான். அவசரக்காரன்தானே."

சாந்தாமணி கோட்டுக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் நன்றி சொன்னாள். நல்லா இருப்பீங்ணா என்றாள். அவருக்கு அந்தச் சொல் முதுகில் ஈரத்துணி போட்டதுபோல் இருந்தது, ஏனென்றால் அதே நேரம் அவள் தோளுக்குப் பின்னால், வண்டியில், கொக்கி இருந்த இடத்தில் அவர் அடித்த சிவப்புப் பெயின்ட் கொப்புளமாக எழும்பி நின்றதைப் பார்த்தார். கொப்புளம் உடைந்திருந்தது. அதிலிருந்து துருத்தண்ணீர் ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

சீக்கிரம் முடித்துவிட்டுப் போய்விட வேண்டும். அவள் ஃபோனை ஒரு ஆயில் டப்பாவில் சாய்த்து வைத்தாள். அவர் லீவரைப் பின்னால் இழுத்து, இழுத்ததை இரண்டு தரம் பார்த்து, சாவியைத் திருப்பினார். ஏப்ரலிலிருந்து தொடாத என்ஜின் இரும வேண்டும், திணற வேண்டும். அது ஒரே மூச்சில் எழுந்தது. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த சூட்டில் எழுந்தது. பலகைச் சுவர்கள் அதிர்ந்தன, தொங்கிய சங்கிலிகள் ஒன்றையொன்று இடித்தன, புகை பல்பைச் சுற்றி மஞ்சளாகத் திரண்டது.

அவள் பின்பக்கமாகப் போனாள். குனிந்தாள். மண்டியிட்டாள்.

"அவரோட சட்டைங்ணா."

பற்களுக்கு நடுவே, அச்சில் இறுகச் சுற்றி, கட்டம் போட்ட துணி ஒரு துண்டு. யாரும் எடுக்காமல் விட்டது. அவள் கோட்டுக் கையை மேலே தள்ளிவிட்டு, வலது கையைப் பற்களுக்குள் விட்டாள்.

"கையை எடு அம்மணி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அழுது முடித்த முகம், லேசாகி இருந்தது. "அதான் நகராதுன்னுட்டீங்களே," என்றாள். மறுபடி குனிந்தாள்.

லீவர் நகர்ந்தது.

ஒரு நூல் அளவு. முன்னால்.

கிட்டுசாமி பாய்ந்து அதைப் பிடித்தார். மறு கையால் சாவியைத் திருப்பி உருவினார். சாவி கையோடு வந்தது. என்ஜின் நிற்கவில்லை, முன்னைவிடப் பலமாக உறுமியது. சாவியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் லீவரைப் பிடித்தார். பின்னால் இழுத்தார். அது முன்னால் போனது. ஸ்பிரிங் இல்லை. உதறல் இல்லை. நிதானமாக, அவசரமே இல்லாமல், யாரோ தள்ளினார்கள்.

அவர் கைகளின் மேல் ஒரு கனம். ஈரம். விரல் விரலாக வந்து மூடியது. இடுக்கெல்லாம் மண்.

"நான்தான் அறுத்தேன்," என்று கத்தினார். "அங்க ஒரு கொக்கி இருந்துச்சு. நான்தான் அறுத்தேன். அது நகரும். அது நகரும் அம்மணி."

"என்னங்ணா? சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

தோள்பட்டையில் ஏதோ அறுந்தது. பிடியை விட்டால் அவளை இழுக்க ஓடலாம். விட்டால் லீவர் முன்னால் போய்விடும். விட முடியாது. மேலே இருந்த கைகள் விடவில்லை. காதருகே மண் வாசனை. மூச்சு இல்லை, வாசனை மட்டும்.

இன்னொரு நூல்.

அவர் கத்திக்கொண்டேயிருந்தார். வாய் அசைவது அவருக்கே தெரிந்தது. என்ஜின் சத்தம்தான் கேட்டது.

"கெட்டியாச் சுத்திருக்குது," என்றாள் சாந்தாமணி, யாரிடமோ சொல்வதுபோல். இடது கையையும் உள்ளே விட்டாள்.