பெரியப்பா இருமுகிறார்

ஸ்நேகாவின் காக்கா தூங்குவதே இல்லை.

மற்ற காக்காக்கள் பொழுது சாய்ந்தால் சிப்காட் சாலையோரத்து வேப்பமரங்களில் போய் அடைந்துவிடும். இந்தக் காக்காவுக்கு மரமும் கிடையாது, இறக்கையும் கிடையாது. ஏழாம் வகுப்பு படிக்கும் ஸ்நேகா, நூலகத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் கணினி மன்றத்தில் உட்கார்ந்து எழுதிய நாற்பது வரி புரோகிராம் அது.

அதற்கு ஒரே ஒரு வேலைதான். ரம்யா அக்கா நடத்தும் 'ஏரிக்கரை மடல்' என்ற செய்திப் பக்கத்தை நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். புதிதாக ஏதாவது இருந்தால் கொத்திக்கொண்டு வந்து ஊருக்கெல்லாம் கரைய வேண்டும்.

ரம்யா அக்காவுக்கு ஆபீஸ் கிடையாது. ஒரு பழைய ஸ்கூட்டியும் ஒரு செல்போனும்தான். எந்தக் கம்பெனியிடமும் விளம்பரம் வாங்க மாட்டார். ஏரியில் மீன் செத்து மிதந்தாலும், ரேஷன் கடையில் பருப்பு வராவிட்டாலும் நேரில் போய்ப் பார்த்து எழுதுவார். நன்றாகத்தான் எழுதுவார். படிக்கத்தான் ஆளில்லை.

"நாப்பது பேரு படிச்சா அன்னிக்கு எனக்குத் தீபாவளி" என்று அவர் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் ஸ்நேகா காக்காவைச் செய்தாள்.

காக்கா கரைந்த இடமும் கொஞ்சம் வித்தியாசமானது. அந்தச் சமூக வலைத்தளத்துக்கு ஒரே முதலாளி என்று யாரும் இல்லை. ஊருக்கு ஊர் யாராவது ஒருவர் ஒரு கணினியை வைத்து, தங்களுக்கென்று ஒரு சின்னத் தளத்தை நடத்துவார்கள். ஒரு தளத்தில் போட்டது பக்கத்துத் தளத்துக்குப் போகும். அங்கிருந்து அடுத்ததற்குப் போகும். ஒரு வகுப்பில் சொன்ன சேதி ஜன்னல் வழியாக அடுத்த வகுப்புக்குத் தாவுமே, அதுபோல.

கணினி மன்றத்தின் சுவரில் இரண்டு விதிகளை எழுதி ஒட்டியிருந்தார்கள். 'தானாக இயங்கும் கணக்கு என்றால் அதை மறைக்காமல் சொல்.' 'யாருடைய செய்தியை எடுக்கிறாயோ அவரிடம் ஒரு வார்த்தை கேள்.'

முதல் விதிப்படி, 'நான் மனிதர் இல்லை, தானாகக் கரையும் காக்கா' என்று ஸ்நேகா எழுதி வைத்தாள். இரண்டாவது விதியைப் படித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. 'நல்லதுதானே செய்யறோம்? இதுக்கு எதுக்குக் கேக்கணும்?' என்று நினைத்துக்கொண்டாள். தவிர, ஒருநாள் திடீரென்று சொல்லி அக்காவை அசத்த வேண்டும் என்றும் ஒரு ஆசை.

இரண்டே மாதத்தில் ஏரிக்கரை மடலை நானூறு பேர் படித்தார்கள். "யாரோ ஒரு புண்ணியவான்" என்று ரம்யா அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்நேகாவின் பக்கத்து வீடு மோனிகாவின் வீடு. இருவரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. மோனிகாவின் அப்பா எபினேசர், தெருவிலிருந்தே தெரியும் நீலக்கூரைக் கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவரிடம் ஒரு வேடிக்கையான பழக்கம் உண்டு. கம்பெனியின் புகைபோக்கியை அவர் புகைபோக்கி என்று சொல்ல மாட்டார். 'பெரிப்பா' என்றுதான் சொல்வார்.

"இன்னாடா இது, காத்தால மணி அஞ்சாவுது, பெரிப்பா இன்னும் இருமலியே? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று தெருவில் நின்று கேட்பார். கரும்புகை எழும்பினால், "தோ, ஆரம்பிச்சுட்டாரு! கொடியில கீற துணிய எடுங்கம்மா. பெரிப்பா துப்பப் போறாரு!" என்பார்.

தெருவே சிரிக்கும். வேலை செய்கிற இடத்திலும் அப்படித்தான் பேசுவார். அங்கேயும் சிரிப்பார்கள்.

மோனிகா மட்டும் சிரிப்பதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று. அவளுக்கும் இருமல் வந்துவிட்டது. காலையில் எழுந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் இருமுவாள்.

ஒருநாள் எபினேசர் ரம்யா அக்காவைத் தேடிப் போனார். ஸ்நேகாவுக்கு அது தெரியாது.

* * *

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை காக்கா ஒரு பெரிய செய்தியைக் கொத்திக்கொண்டு வந்தது. நீலக்கூரைக் கம்பெனியைப் பற்றியது.

'"விடிகாலையில பொகை வடிகட்டிய நிறுத்திடறாங்க. கரண்டு மிச்சமாம். அப்பத்தான் பெரிப்பா இருமறாரு" என்றார் பெயர் சொல்ல விரும்பாத ஒரு தொழிலாளி.'

'அட, நம்ம எபி மாமா மாதிரியே பேசறாரே' என்று ஸ்நேகா சிரித்துக்கொண்டாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை. அவள் கண்ணெல்லாம் எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்று கீழே காட்டிய எண்ணிக்கையில் இருந்தது. நூறு பேர். நூற்றைம்பது பேர். முந்நூறு பேர்! காக்கா இவ்வளவு தூரம் பறந்ததே இல்லை.

மறுநாள் காலை வேலைக்குப் போன எபினேசர் பத்து மணிக்கே வீட்டுக்குத் திரும்பிவிட்டார். கம்பெனி வாசலிலேயே அவருடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் சேதி பரவிவிட்டது. குழாயடியில் பூவம்மாள் அத்தைதான் முதலில் ஆரம்பித்தார்.

"பேரு போடமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு, அந்தப் பொண்ணு இப்டி பண்ணிக்கீதே! இனிமே ஸ்கூட்டிய எட்த்துக்கினு இந்தத் தெருவுக்கு வரட்டும், பாக்கறேன்."

ஆனால் ரம்யா அக்கா வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் எபினேசர் வீட்டு வாசலில் போய் நின்றார். அடுத்த வீட்டில் தட்டோடு உட்கார்ந்திருந்த ஸ்நேகாவுக்கு எல்லாம் கேட்டது.

"அண்ணே, இத பாருங்க. 'புகைபோக்கி'ன்னுதான் கீது. செய்தியப் போட்டதும் ஒருவாட்டி வாய்விட்டுப் படிச்சுப் பாப்பேன். படிக்கும்போதே உங்க கொரலு கேட்டுச்சு. ஐயோன்னு பத்தே நிமிஷத்துல மாத்திட்டேன். சத்தியமாண்ணே!"

"சூப்பர்வைசர் காட்டுனதுல பெரிப்பான்னுதாம்மா இருந்துச்சு." எபினேசரின் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "கேட்டுல எல்லாரையும் நிக்கவெச்சுப் படிச்சான். 'இன்னா எபினேசரு, உங்க பெரிப்பாவுக்கு இருமலாமே?'ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சானுங்க. என்கூட ஒண்ணா நாஷ்டா துன்றவனுங்க, அவனுங்களும் சிரிச்சானுங்க."

"அது எங்கேந்துண்ணே எடுத்தான்?"

"தெரியலம்மா. மேல ஒரு காக்கா படம் போட்டிருந்துச்சு."

ஸ்நேகாவின் கையிலிருந்த சோறு தட்டிலேயே விழுந்தது.

* * *

அன்று குடும்ப ஜெபத்தில் அவள் கண்களை இறுக்க மூடிக்கொண்டாள். 'ஆண்டவரே, தப்பு ரம்யா அக்காவோடதாவே இருக்கட்டும்' என்று மனதுக்குள் கேட்டாள். எல்லோரும் 'ஆமென்' சொன்னார்கள். அவளுக்கு மட்டும் வாய் வரவில்லை. இந்த மாதிரி ஜெபத்துக்கு யாராவது ஆமென் சொல்வார்களா?

ஜெபம் முடிந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் அப்பா ஸ்டீபன் இன்னொரு கம்பெனியில் வெல்டர். வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"வாயத் தொறக்காத. காக்கா உன்னுதுன்னு யாருக்குத் தெரியும்? சொன்னா மட்டும் அவரு வேல திரும்பி வந்துடுமா?"

"வராதுப்பா."

"அப்பறம் இன்னாத்துக்குச் சொல்ற?"

ஸ்நேகா யோசித்தாள். "ரம்யா அக்காவத் திட்றாங்கப்பா. அவங்க வாங்கற திட்டு என்னுது."

ஸ்டீபன் அவளைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, அவளோடு பக்கத்து வீடு வரை வந்தார்.

மோனிகாவின் வீட்டில் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்நேகா நின்றபடியே சொன்னாள். மோனிகாவின் அம்மா சின்னப்பொண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எபினேசர் கேட்டார். "கெட்டது நெனச்சுப் பண்ணலியே நீ?"

"இல்ல மாமா. நெறைய பேரு படிக்கணும்னுதான்..."

"தெரியும்மா." அவர் தலையைத் தடவிக்கொண்டார். "இருந்தாலும் அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல? கேட்டிருந்தா, 'கொஞ்சம் இரு, படிச்சுப் பாத்துடறேன்'னு சொல்லியிருக்கும். பத்து நிமிஷம்தானே."



மோனிகா எழுந்து உள்ளே போனாள். ஸ்நேகா கொடுத்திருந்த கலர் பென்சில் டப்பாவைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தாள். மறுநாள் வகுப்பில் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் ஸ்நேகா குழாயடிக்குப் போனாள். குடங்கள் வரிசையாக இருந்தன.

"பூவம்மா அத்தே! ரம்யா அக்கா பேச்சு மாறல. மாத்தறதுக்கு முன்னாடியே எடுத்துப் போட்டது நான்தான்" என்றாள். பூவம்மாள் அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு ரம்யா அக்காவை யாரும் திட்டவில்லை.

* * *

காக்கா போட்டதை ஸ்நேகா அழித்துவிட்டாள். ஆனால் அதற்குள் அது பல தளங்களுக்குத் தாவியிருந்தது. இங்கே அழித்தால் எல்லா இடத்திலும் அழிந்துவிடும் என்று நினைத்திருந்தாள். பத்தொன்பது தளங்களில் அழியவில்லை. ஒரே முதலாளி என்றால் ஒருவரிடம் கேட்டால் போதும். இங்கே பத்தொன்பது பேரிடம் கேட்க வேண்டும்.

இந்த வேலையைக் காக்காவிடம் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொருவருக்கும் தானே தட்டச்சு செய்து எழுதினாள். 'வணக்கம். அந்த வரியால் ஒருவருக்கு வேலை போய்விட்டது. தயவுசெய்து அழித்துவிடுங்கள்.'

ஈரோட்டிலிருந்து ஒருவர் ஐந்தே நிமிடத்தில் அழித்துவிட்டு, 'வருந்தாதே தங்கச்சி' என்று எழுதினார். சிங்கப்பூரிலிருந்து ஒரு அம்மா அழித்தார். இப்படிப் பதினாறு பேர். இரண்டு பேரிடமிருந்து பதிலே இல்லை. ஒருவர் மட்டும், 'நல்ல செய்தியை ஏன் அழிக்க வேண்டும்? முடியாது' என்று எழுதினார்.

நாமும் இப்படித்தானே நினைத்தோம் என்று ஸ்நேகாவுக்குத் தோன்றியது. அந்த மூன்று தளங்களிலும் பெரியப்பா இன்னும் இருமிக்கொண்டுதான் இருக்கிறார்.

பிறகு அவள் ரம்யா அக்காவைப் போய்ப் பார்த்தாள்.

"காக்காவ நிறுத்திடட்டுமாக்கா?"

ரம்யா அக்கா ஸ்கூட்டிக் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நிறுத்திட்டா திரும்ப நாப்பது பேருதான்" என்றார் கடைசியில். "வேணாம். நிக்க மட்டும் கத்துக்குடு அதுக்கு."

ஸ்நேகா அப்படியே செய்தாள். இப்போது காக்கா செய்தியைக் கொத்தியதும் கரைவதில்லை. 'பகிரலாமா?' என்று ரம்யா அக்காவையும் ஸ்நேகாவையும் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும். இருவரும் 'சரி' சொன்னால்தான் வாயைத் திறக்கும்.

* * *

எபினேசருக்கு அந்தப் பக்கத்தில் எந்தக் கம்பெனியும் வேலை தரவில்லை. பெயரைக் கேட்டதும் கையை விரித்தார்கள். ஒரு மாதம் பார்த்தார். பிறகு, திருநின்றவூரில் சின்னப்பொண்ணுவின் தம்பி ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேன் வேலை பார்த்துக் கொடுத்தார். வீட்டைக் காலி செய்ய முடிவாயிற்று.

போவதற்கு முந்தின நாள் அவரே ரம்யா அக்காவைக் கூப்பிட்டார்.

"ஒளிஞ்சுக்கினு பேசினேன், போச்சு. இப்போ எம்பேரப் போட்டே எழுதும்மா. வேல செஞ்ச எடத்தையும் போடு. பெரிப்பாவையும் போடு."

மறுநாள் காலை டெம்போ வந்து நின்றது. கட்டில், பானைகள், மோனிகாவின் சைக்கிள் எல்லாம் ஏறின. மோனிகா மூட்டைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தாள். ஸ்நேகாவின் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த நேரம் பார்த்து ஸ்நேகாவின் கையிலிருந்த அப்பாவின் செல்போன் சிணுங்கியது. காக்கா புதுச் செய்தியோடு வந்து உட்கார்ந்திருந்தது. ரம்யா அக்கா 'சரி' சொல்லிவிட்டார். கூடவே, 'அண்ணனையும் ஒரு வார்த்தை கேள்' என்று எழுதியிருந்தார்.

ஸ்நேகா டெம்போவை நோக்கி ஓடினாள்.

"மாமா! உங்க செய்தி வந்திருக்கு. படிக்கறேன், கேளுங்க."

மூச்சு வாங்க முழுவதையும் வாய்விட்டுப் படித்தாள். எபினேசரின் பெயர் இருந்தது. பெரியப்பாவும் இருந்தார். டெம்போக்காரர் ஹாரனை அடிக்காமல் காத்திருந்தார்.

"காக்கா கேக்குது மாமா. பகிரலாமா?"

எபினேசர் நீலக்கூரைக்கு மேலே ஒருமுறை பார்த்தார். அன்றும் கரும்புகைதான் எழும்பிக்கொண்டிருந்தது. அவர் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் கேட்டது. அதன் பின்னாலேயே மோனிகாவின் குரல். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் ஸ்நேகாவிடம் பேசிய முதல் பேச்சு அது.

"கேட்டுட்டு எடுக்கற காக்காவ இப்பத்தான்டி பாக்கறேன்."

டெம்போ நகர்ந்தது. அது நெடுஞ்சாலையில் திரும்பி மறையும் வரை ஸ்நேகா நின்று பார்த்தாள். பிறகு 'சரி' என்ற பொத்தானை அழுத்தினாள்.

காக்கா கரைந்தது.