மணமிழந்த தவனம்

பெண்ணையாற்றின் மேல் அந்தி கவிந்து, கீழ்வானில் முழுநிலா எட்டிப் பார்த்த வேளையில், வெண்குன்றக் கோட்டையின் வாசனைத் தோட்டத்தில் ஒரு பெண் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தாள். அன்பு வாசகர்களே, நிலவையும் நதியையும் பிறகு வர்ணித்துக்கொள்ளலாம்; அவள் அழுகையின் காரணத்தை முதலில் கேளுங்கள். பரவை என்பது அவள் பெயர். தோட்ட அதிகாரி பொற்காரியாரின் மகள். அரசரின் முடிசூட்டு விழாவுக்காக அவர் வடித்த தவனத் தைலத்தில் மணமே இல்லை. நல்ல தைலத்தைப் பகைவருக்கு விற்றுவிட்டார் என்று பழி சுமத்தி அவரைச் சிறையில் தள்ளிவிட்டார்கள். பொழுது விடிந்தால் சிரச்சேதம்!

தவனச் செடிகளோ இடுப்பளவு வளர்ந்து தளதளவென்று நின்றன. ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தாள்; வெறும் தழை வாடை. மதில் வெடிப்பில் யாரும் கவனிக்காமல் ஒரு சாண் உயரத்துக்கு முளைத்திருந்த நோஞ்சான் செடியைக் கிள்ளினாள். அப்பப்பா! அந்த மணம் நெஞ்சு வரை இறங்கியது.

"தின்னக் கொடுத்தே கெடுத்துவிட்டானே!" என்று முணுமுணுத்தாள்.

தவனத்துக்குச் சிறிது சாணம் போதும். பூக்கும் பருவத்தில் அதுவும் ஆகாது. இதை அவள் எத்தனை முறை எடுத்துச் சொல்லியிருப்பாள்! புதிய தோட்டக்காரன் கூத்தனோ, "செழிப்பைப் பாருங்கள், நங்கையே" என்று சிரித்து மழுப்பினான். அந்தச் சிரிப்பில் அவளும் மயங்கித்தான் போனாள். வண்டி வண்டியாக மீன் எரு வந்து குவிந்தது. வாயிற்காவலர் நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு வழிவிட்டார்கள். ஒரு வண்டியையாவது கிளறிப் பார்த்தார்களா?

அந்த நினைவு வந்ததும் பரவை துள்ளி எழுந்தாள். எருக்குவியலுக்குள் கையை விட்டாள். விரலில் குளிர்ந்த இரும்பு தட்டுப்பட்டது. ஒரு வாள்! அதன் கீழே இன்னும் எத்தனையோ வாள்கள்!

"கையை எடுங்கள், பரவை."

பின்னால் கூத்தன் நின்றான். அவன் கையிலும் வாள் இருந்தது.

"நான் கூத்தன் அல்ல. வேம்பூர் இளவரசன் இளஞ்சேந்தன். எரு சுமந்து வந்தவர்கள் என் வீரர்கள். நிலா உச்சிக்கு வந்ததும் இக்கோட்டை எங்களுடையது. வாய் திறவாமல் என்னோடு வாருங்கள். உங்கள் தந்தையின் விலங்கை நானே உடைக்கிறேன்."

"கோட்டையில் உள்ள மற்றவர்கள்?" என்று பரவை கேட்டாள்.

இளவரசனின் பார்வை தன் வாளின் மேல் போயிற்று. அவளுக்கு அதுவே போதுமானதாயிருந்தது. நடுங்கியபடி பின்வாங்கித் தைலக் கொட்டிலை அடைந்தாள். அடுப்பில் தணல் கனன்றது; அருகே காய்ந்த வாசனைப்புல் போராகக் குவிந்து கிடந்தது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். பயந்தவளுக்கும் அப்படித்தான் போலும்! தணலை வாரிப் போரின் மேல் கொட்டினாள். தீ மதிலுயரம் எழுந்தது. அதைக் கண்டு கோட்டையின் அபாய முரசு முழங்கிற்று.

அவன் வாள் அவள் கழுத்துக்கு வந்தது. அங்கேயே நின்று, பிறகு தாழ்ந்தது. மறுகணம் அவன் மதிலேறி ஆற்றில் குதித்தான்.

தீயணைக்க ஓடிவந்த காவலர் எருக்குவியலில் வாள்களைக் கண்டு திகைத்தனர். பரவை நடந்ததையும், எரு மிகுந்து தவனம் மணமிழந்ததையும் சொன்னாள். "எருக்காரர்களைப் பிடியுங்கள்! பொற்காரியாரை விடுவியுங்கள்!" என்று காவலர் தலைவன் கத்தினான்.

அப்போது நதியிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "பரவை! இனி எருவண்டியில் வரமாட்டேன்! பட்டப்பகலில் தலைவாயிலுக்கே வருவேன்! இது சத்தியம்!"

மீன் நாறும் வாள் ஒன்றை உருவிக்கொண்டு அவள் மதிலோரம் ஓடினாள்.

"வாருங்கள்! இதே வாளோடு அங்கே நான் நிற்பேன்! இதுவும் சத்தியம்!"

அவள் குரல் நடுங்கியது. அச்சத்தினாலா, வேறு எதனாலா? வாசகர்களே, அதைச் சொல்ல எனக்கே அச்சமாயிருக்கிறது.